வேம்புக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சம்பந்தி

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, மேஸ்திரி நைலான் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தார். மேற்குப் பக்கம் வந்ததும் கயிறு வேப்பமரத்தில் இடித்து நின்றது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் விரல்கள் தொடாத மரம். மேஸ்திரி அதைச் சுற்றி வந்தார். மேலே பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், மரத்த எடுத்துட்டா கோடு நேரா வந்துரும்."

நான் வாயைத் திறப்பதற்குள், வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்த ஆர்க்கிடெக்ட் பெண் சொன்னார்: "கோட்ட எடுத்துருவோம்ணே."

திருச்சிக்குத் தெற்கே, விராலிமலை போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி 18 சென்ட் இடம். ஏறக்குறைய 7,800 சதுர அடி. மேலே இரண்டடி செம்மண், அதற்குக் கீழே கடப்பாரை தெறிக்கிற சுக்கான். இதில் 22 சதுரத்துக்கு, அதாவது 2,200 சதுர அடிக்கு, ஒரு வீடு. குடியிருக்கப் போகிறவர்கள் ஏழு பேர். என் அம்மாவுக்கு 78 வயது. மாமனாருக்கு 81; மாமியார் போன பிறகு தஞ்சாவூரில் ஒண்டியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அப்புறம் நாங்கள் இருவர், மகன், மருமகள், நாலு வயதுப் பேத்தி.

தலைமுறை நான்கு என்பது பிரச்சினையே இல்லை. முதல் தலைமுறையில் இரண்டு பேர் சம்பந்திகளாக இருப்பதுதான் பிரச்சினை. சம்பந்தி எதிரில் அம்மா நாற்காலியில் உட்கார மாட்டார். அவர் கூடத்தில் இருந்தால் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டார். மாமனாரும் லேசுப்பட்டவர் அல்ல. அம்மா சீரியல் பார்க்கிற நேரத்தில் பாத்ரூம் போகக்கூட கூடத்தைத் தாண்டக் கூசுவார். எங்கள் பழைய வாடகை வீட்டில் மூன்று மாதம் இப்படி நடந்தது. இரண்டு பேருமே நல்லவர்கள். நடுவில் ஒரே ஒரு கூடம், அதுதான் கெட்டது.

முதல் சந்திப்பில் எத்தனை படுக்கையறை, மாடுலர் கிச்சனா, போர்டிகோ வேண்டுமா என்றெல்லாம் கேட்பார் என்று பட்டியலோடு போயிருந்தேன். ஆர்க்கிடெக்ட் பெண் கேட்ட முதல் கேள்வி: "இந்த வீட்டுல யாரு யாரை எப்பப் பாக்கக் கூடாது?"

கேட்டதும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பின்பக்கமும் நிரம்பியது.

கதவை எண்ணுங்கள்

"காரைக்குடிப் பக்கம் ஒரு நாள் போய்ட்டு வாங்க. தூணப் பாக்காதீங்க, கதவ எண்ணுங்க" என்று ஆர்க்கிடெக்ட் அனுப்பிவைத்தார். கானாடுகாத்தான் போனோம். பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் என்று செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஊர் பேசுவதெல்லாம் பணம் பேசுகிற பேச்சு. கதவை எண்ண ஆரம்பித்தால் குடும்பம் தெரிய ஆரம்பிக்கிறது.

இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. நடுவில் நேர்கோட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வாசலில் நின்றால் கடைசிக் கதவின் வெளிச்சம் ஒரு தபால் உறை அளவுக்குத் தெரியும். வளவின் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். அதை ஒட்டி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அறையென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சீர்ப்பொருள் வைக்க, இரவு படுக்க. மற்ற நேரமெல்லாம் தாழ்வாரத்திலும் முற்றத்திலும்தான் வாழ்க்கை.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் குடும்பங்களில் 'வேறுவைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் முடித்துக் கொஞ்ச நாளில் பெற்றோரே அந்தத் தம்பதியைத் தனியாகக் குடித்தனம் வைத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆனால் வீடு அதே வீடுதான். கோயில் கணக்கில் அந்தத் தம்பதி அன்றிலிருந்து தனிப் 'புள்ளி'. ஒரே கூரையின் கீழ் ஐந்து அடுப்பு எரிந்தது சண்டையால் அல்ல, சண்டை வரக்கூடாது என்பதால். தனிக்குடித்தனம் என்ற சொல்லை வசவாக ஆக்கிவைத்திருக்கும் நமக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அந்த வீடுகளைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவன் அல்ல நான். முகப்புத் திண்ணை ஆண்களுக்கு, மூன்றாங்கட்டும் கிணற்றடியும் பெண்களுக்கு என்பதுதான் அதன் கணக்கு. தோட்டம் வீட்டின் கடைசியில் இருந்தது. அதில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் வாசல் பக்கம் வந்து காற்று வாங்கியதில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் நகரத்தாரை மிஞ்ச ஆளில்லை. நாலு பக்க ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். விளிம்பில் தகரத்திலோ செம்பிலோ தூம்பு. முற்றத்து மூலைகளில் அண்டா வைத்து மழைநீர் பிடிப்பார்கள். மிச்சம் தெரு வாய்க்காலுக்கு, அங்கிருந்து ஊருணிக்கு. வறண்ட பூமியில் ஒரு ஊரே தன் கூரையில் விழுந்த தண்ணீரைக் குடித்துப் பிழைத்திருக்கிறது. இந்த ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. மாளிகைகளைவிட அந்த வாய்க்கால்களுக்காகத்தான் அந்த அங்கீகாரத்தைக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

திரும்பி வரும்போது கீரனூர் தாண்டிக் காரை நிறுத்தி டீ குடித்தோம். "நமக்கும் ரெண்டு அடுப்பு வேணும்" என்றாள் மனைவி. மருமகளுக்குத் தனியாக ஒரு சின்ன அடுப்படி வரைபடத்தில் ஏறியது அன்றைக்குத்தான். உறவில் பலர் இன்னும் அதைக் காட்டி, "என்ன, இப்பவே பிரிச்சுட்டீங்களா?" என்று விசாரிக்கிறார்கள்.

எண் போட்டுப் பிரித்த வீடு

நகரத்தில் மனை சின்னது, முற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குக் கொழும்பில் ஒரு பதில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில், பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்கும் அவர் கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவுக்கும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய வீடு. அந்தக் காலத்துப் பணக்காரக் கொழும்பில் வீடு என்றால் மனையின் நடுவில் ஒரு பங்களா, சுற்றிப் புல்வெளி. பாவா அதை உள்வெளியாகத் திருப்பினார். தெருவுக்கு மதிலைக் காட்டிவிட்டு, நடுவில் பெரிய முற்றம். அதைச் சுற்றி ஓட்டுக் கூரைத் தாழ்வாரங்களும் அறைகளும். 'வளவு' என்றே சொல்லப்படும் சிங்களப் பெருவீடுகளின் 'மெத மிதுல', நம் நடுமுற்றம், இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். சுற்றிலும் விட்டிருந்தால் யாருக்கும் உதவாமல் போயிருக்கும் நிலத்தை நடுவில் கூட்டிச் சேர்த்ததும் அது தோட்டமாகிவிட்டது.

2009-ல் அந்த மனை கைமாறி, வீடு இடிபடும் நிலை வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் மரத்துண்டுக்கும் எண் போட்டுப் பிரித்து எடுத்துப் போய், பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பக் கட்டினார்கள். 2016-ல் வேலை முடிந்தது. ஈனா அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

சென்னையில் ஒரு கிரவுண்டு மனை வைத்திருக்கிறவர் எல்லையை ஒட்டிச் செட்பேக் விட்டே ஆக வேண்டும். அது சட்டம். அந்த இடத்தில் ஏசி யூனிட்டும் சிலிண்டரும் உடைந்த சைக்கிளும் கிடக்கும். அதை ஒரு பக்கமாவது அகலமாக்கி ஒரு கதவும் ஒரு கல்பெஞ்சும் போட்டால் தாத்தா உட்காருவார். பாவாவிடம் திருட வேண்டியது தூணையும் தரையையும் அல்ல, இந்தக் கூட்டல் கழித்தலை.

பதினெட்டடிச் சாய்தளம்

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். தரை மட்டம் ஒன்றரை அடி உயரம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாமல் இருக்க அவ்வளவாவது வேண்டும். மூன்று படி போதும். ஆனால் வாக்கர் பிடித்து நடக்கிறவருக்கும் சக்கர நாற்காலிக்கும் படி உதவாது. சாய்தளம் வேண்டும். அதற்கு ஒரு கணக்கு: ஒரு அங்குலம் ஏற, பன்னிரண்டு அங்குலம் ஓட வேண்டும். 18 அங்குலத்துக்கு 18 அடி.

ஆஸ்பத்திரி மாதிரி வாசலில் ஒரு சிமெண்ட் சரிவா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆர்க்கிடெக்ட் அதை வாசலுக்கே கொண்டுவரவில்லை. கேட்டிலிருந்து வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து வரும் தோட்டப் பாதையையே பதினெட்டு அடிக்கு மெல்ல ஏறவிட்டு, திண்ணையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு பக்கமும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். பிடித்து நடக்க மூங்கில் மாதிரி தெரியும் இரும்புக் கம்பி. இப்போது யாரும் படியில் ஏறுவதில்லை. கேஸ் சிலிண்டர் அதில்தான் உருண்டு வருகிறது. பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் அதில்தான் தலைதெறிக்க இறங்குகிறது. அம்மா காலையில் பூப்பறித்துக்கொண்டே மேலே வந்துவிடுவார். ஏறினோம் என்பதே அவருக்குத் தெரியாது.

நிலைப்படி விஷயத்தில்தான் தகராறு. உள்ளே எந்தக் கதவுக்கும் படி வேண்டாம், கால் தடுக்கும் என்றார் ஆர்க்கிடெக்ட். "மஞ்ச பூச, கோலம் போட வாசப்படி இல்லாம அது என்ன வீடு?" என்றார் அம்மா. கடைசியில் தலைவாசலுக்கு மட்டும் நிலைப்படி உண்டு, மற்ற கதவெல்லாம் தரையோடு தரை என்று பஞ்சாயத்து முடிந்தது. எல்லாக் கதவும் மூன்றடி அகலம். இரண்டு முதியவர் அறையிலும் கட்டிலிலிருந்து கழிப்பறை ஒன்பது எட்டு வைக்கும் தூரம்; வழியில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன விளக்கு.

நான் கவனித்திருக்கவே மாட்டேன் என்று நினைக்கும் விஷயம், ஜன்னல். மூன்றடி உயரத்தில் சில் மட்டம் வைப்பது நம் ஊர் வழக்கம். மேஸ்திரியும் அப்படித்தான் செங்கல்லை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஆர்க்கிடெக்ட் வந்தார். சித்தாள்கள் சாப்பாட்டு நேரத்தில் தலைசாய்க்கப் போட்டிருந்த நாடாக்கட்டிலை இழுத்து அம்மா அறை வரப்போகிற இடத்தில் போட்டார். அதில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அப்புறம் ஒருக்களித்து.

"அண்ணே, இங்கேர்ந்து பாத்தா வானந்தான் தெரியுது. ஒரு வருசம் படுத்துட்டா அவங்க எதப் பாப்பாங்க?"

ஓரடி உடைத்து இறக்கினார்கள். இப்போது அம்மா படுத்தபடியே கேட்டைப் பார்க்கலாம், யார் வருகிறார்கள், பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார் என்று. மாமனார் அறை ஜன்னல் எதிர்ப்பக்கம். காய்கறிப் பாத்தியும் அதைக் கொத்த வரும் மயில்களும் தெரியும். மயிலை விரட்ட அவர் ஒரு பித்தளைத் தட்டு வைத்திருக்கிறார். தட்டைத் தட்டினால் மயில் ஓடுவதில்லை. பேத்திதான் ஓடி வருகிறாள்.

இரண்டு அறைக்கும் நடுவில்தான் அந்த வேம்பு. அடித்தளத்தை வழக்கம்போல நீளமாகத் தோண்டினால் வேர் போய்விடும் என்பதால் மேற்குப் பக்கம் மட்டும் தனித்தனித் தூண் குழி. வேர் குறுக்கிட்ட இடத்தில் குழியை நகர்த்தி, மேலே பீம் போட்டுச் சுவரை ஏற்றினார்கள். கோடு நேராக வரவில்லை. வீடு மரத்தைச் சுற்றி 'ப' போல வளைந்தது; நடுவில் முற்றம். அம்மாவுக்கு ஒரு திண்ணை, சம்பந்திக்கு ஒரு திண்ணை. உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் முழுசாகத் தெரியாது, குரல் கேட்கும். மனைவி எழுதிய அந்தத் தாளில் இருந்த முக்கால்வாசிச் சங்கடம் இந்த ஒரு மரத்தால் தீர்ந்தது. கூட்டுக் குடும்பத்துக்குப் பெரிய கூடம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது விலகி உட்கார இரண்டு இடம்.

ஆனி வெயிலும் ஆடிக் காற்றும்

வடக்குப் பக்கம் வெயில் வராது என்று படித்திருப்பீர்கள். அது எழுதினவர்கள் ஊரில் சரி. திருச்சி இருப்பது வடக்கே பதினோரு பாகைக்குள். சித்திரையில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆவணி வரைக்கும் நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆனி மாத நண்பகலில் எங்கள் வடக்குச் சுவரில் சன்ஷேடின் நிழல் விழுவதை நீங்களே வந்து பார்க்கலாம். ஆகவே வடக்கிலும் அகலமான தாழ்வாரம்.

உண்மையான எதிரி மேற்கு. பிற்பகல் வெயில் குடித்த சுவர் இரவு பத்து மணிக்கும் அனலை உமிழும். அப்படியானால் மேற்கை மூடிவிடலாமா? ஆனியிலும் ஆடியிலும் திருச்சிக்குக் காற்றே மேற்கிலிருந்துதான். மூடினால் காற்று போச்சு, திறந்தால் வெயில் வந்தாச்சு. வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும் சாமான் கடையில் கிடையாது. மரம்தான் அதைச் செய்யும். வேம்புக்குத் துணையாக மேற்கு எல்லையில் இரண்டு புங்கை வைத்தோம். முருங்கையைக் காம்பவுண்டு மூலைக்குத் தள்ளினோம். ஒரு காற்றுக்கு முறிகிற கிளை கூரைமேல் விழக் கூடாது. அரசங்கன்று எங்கே தலைகாட்டினாலும் அம்மாவே பிடுங்கி எறிகிறார், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்து லிட்டர். எங்கள் கூரை ஏறக்குறைய இருநூறு சதுர மீட்டர், எனவே இரண்டாயிரம் லிட்டர். பதினைந்தாயிரம் லிட்டர் சம்ப் நிறைய ஏழெட்டு சென்டிமீட்டர் மழை போதும். ஐப்பசியில் இரண்டு நல்ல நாள். வாஸ்து பார்க்க வந்தவர் சம்ப்பை ஈசானிய மூலையில் வைக்கச் சொன்னார். நிலம் வடகிழக்காகச் சரிந்திருப்பதால் அவர் சொல்லாவிட்டாலும் அங்கேதான் வைத்திருப்போம். சந்தோஷமாகத் தட்சிணை கொடுத்தோம்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எத்தனை வீடுகளில் அந்தக் குழாய் குழிக்குப் போகாமல் தெருவுக்குப் போகிறது என்பதை அடுத்த மழையில் உங்கள் தெருவிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் குளிக்கிற தண்ணீர் ஒரு ஜல்லிக் குழி வழியாகக் கல்வாழைக்கும், அங்கிருந்து வாழைக்கும் போகிறது. மாமனார் வென்னீர் இரண்டு பக்கெட் ஊற்றிக்கொள்வார். அவர் பக்கத்து வாழைத்தார்தான் பெரியது என்று அம்மாவுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்.

விழுந்தது

எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று எழுதினால் பொய். முதல் வருஷம் மாசியில் வேம்பு இலையைக் கொட்டி, தூம்பை அடைத்தது. நாங்கள் கவனிக்கவில்லை. கோடை மழையில் தண்ணீர் வழிந்து அம்மா அறைக்குள் ஏறியது. இப்போது பங்குனி முடிவதற்குள் ஏணி வைத்து இலை வாருவது என் வேலை. முற்றத்தில் கொசு. வலை அடித்தால் காற்று பாதியாகிறது. அடித்தோம், வேறு வழியில்லை.

பெரிய தப்பு தரையில். முற்றத்துக்கு வழவழவென்று பாலிஷ் போட்ட கல்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். ஆர்க்கிடெக்ட் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வேண்டாம் என்றார். கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் பாசி பிடித்து, நாலாம் நாள் மாமனார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பாலிஷ் கல்லைப் பெயர்த்து, உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பதித்தோம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆறு வாரமும் அம்மாதான் அவருக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினார். பேத்தி தூக்குப்பாத்திரத்தோடு மரத்தைச் சுற்றி ஓடுவாள். "சம்பந்தி, உப்பு போதுமான்னு கேக்கச் சொன்னாங்க" என்று பெரிய மனுஷி மாதிரி கத்துவாள். பதில் இந்தத் திண்ணைக்கே கேட்கும். ஆனாலும் அவள் ஓடி வந்து ஒரு தடவை சொல்வாள்.

சித்திரையில் வேம்பு பூத்தது. மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து நாலு பக்கமும் கல் வைத்தார் அம்மா. உதிர்ந்த பூவை முறத்தில் புடைக்கும்போது மாமனாரும் நாற்காலியை நகர்த்தி வந்து, சரியாகிவிட்ட கையால் காம்பு பொறுக்கினார். அம்மா எழுந்து உள்ளே போகவில்லை. அன்றைக்கு வேப்பம்பூ ரசம்.

தென்கிழக்கில் ஓர் அறை கட்டாமல் விட்டிருக்கிறோம். பேத்திக்கோ, என்றாவது எங்களுக்கோ தேவைப்படும்போது கட்டிக்கொள்ள நாலு மூலையிலும் தூண் கம்பி விட்டு, துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்ட் பால் பூசி வைத்தோம். இடையில் அந்த இடம் அம்மாவின் கீரைப் பாத்தி ஆனது. போன மாதம் மகன், அலுவலக வேலை பார்க்க ஓர் அறை வேண்டும், இப்போதே கட்டிவிடலாமா என்று கேட்டான். அதே மேஸ்திரி கயிறும் முளைக்குச்சியுமாக வந்து நின்றார். நாலு கம்பியிலும் பாகற்கொடி ஏறிப் பின்னி, விரல் நீளப் பிஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கொடியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"காய்ப்பு முடியட்டும்ப்பா. தை பொறந்து வா."

அவர் கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது அரைக்கிலோ பாகற்காய் வாங்கிக்கொண்டார்.